தம்பட்டம்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தன் பெருமையைத் தானே பேசித் திரிபவனைக் கண்டால், "தம்பட்டம் அடிக்கிறான்" என்று சொல்லிச் சிரிப்பது நம்மவர் வழக்கம். பேச்சுவழக்கிலுள்ள இச்சிறு தொடரின் பொருளையும், அதனை வழங்கவேண்டிய இடத்தையும் இன்று சிறிது ஆராய்வோம்.

தம்பட்டம் என்பது பறைவகையைச் சேர்ந்த ஒரு தோற்கருவி. அரசனின் ஆணையையும் ஊரார் அறியவேண்டிய செய்தியையும் பறையறைந்து தெரிவித்தல் முற்கால வழக்கமாகும். பறைதல் என்றால் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் "என்ன பறையிறாய்?" என்று முதியோர் கேட்பதை நம்மிற் பலர் கேட்டிருக்கிறோம். ஆகவே கருவியில் யாதொரு குற்றமுமில்லை. அதனை அடித்தவன் ஊரின் செய்தியையே ஊருக்குச் சொன்னான். ஊருக்காக முழங்கவேண்டியதை ஒருவன் தனக்காக முழக்கும்பொழுதே அது நகைப்புக்கு இடமாகிறது.

கோயிலுக்கு விளக்கொன்றை உபயஞ் செய்தவர், அதன் ஒளியே மறையுமளவுக்குத் தமது பெயரை அதில் எழுதிவைத்திருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே தம்பட்டம் முழங்குகிறது, வெளிச்சம் குறைகிறது.

ஆனால் இத்தொடரை அளவின்றி வீசுவதாலும் தீங்கு உண்டு. நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், ஏழைப் பிள்ளைகளுக்கு மாலைவேளைகளிற் பணம் வாங்காமற் கணிதம் படிப்பித்து வந்தார். ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சையில், "இதுவரை என்ன செய்தீர்?" என்று வினவியபோது அதனைச் சொல்லாமலே வந்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை. "ஏன் தம்பி சொல்லவில்லை?" என்றோம். "தம்பட்டம் அடிக்கிறேன் என்று நினைப்பார்கள் ஐயா" என்றார். சிறுவயது முதற் கேட்ட கேலி அவர் வாயை அடைத்துவிட்டது. அவ்வாறு கேலி செய்தவர்களுள் நாமும் இருந்திருக்கலாம்.

நம் முன்னோர் இதனை நுணுகி நோக்கியுள்ளனர். 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், எத்துணைப் பெரிய நூலைச் செய்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்கிறது. ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே சிறப்புப்பாயிரம் சொல்லத்தக்கவர். எனினும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் இடங்கள் நான்கினையும் அதே பாயிரம் கூறுகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதார் நடுவே, அவையில் வாதில் வெல்லவேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது என்பன அவை. நேர்முகப் பரீட்சைக்குச் சென்ற நம் இளைஞர், தம் ஆற்றலை அறியாதார் நடுவேயன்றோ இருந்தார்!

எனவே, இளைஞர்களே! ஒன்றைச் சொல்லுமுன், இது கேட்பவருக்கு வேண்டியதா, நமக்கு மட்டும் இனிப்பதா என்று நம்மை நாமே கேட்போம். கேட்பவருக்கு வேண்டியதாயின் அஞ்சாது சொல்வோம். பிறர்மீது அத்தொடரை வீசுமுன்னும் இதே கேள்வியைக் கேட்போம். நண்பர் ஒருவர் தமது நற்செயலைச் சொல்லக் கூசுவாராயின், அவருக்குச் சிறப்புப்பாயிரம் உரைக்கும் கடன் உடன்கற்றோராகிய நமக்கு உண்டு.