கையெழுத்துக்கு முன்னால்



போன வாரம் நம் மையத்தில் செய்தித்தாள் வாசித்தோம். அப்போது மாடு வைத்திருக்கும் ஓர் அக்கா கேட்டார்: "பல நாடுகள் சேர்ந்து வியாபார ஒப்பந்தம் போடுகின்றன. வெளிநாட்டுப் பால் பவுடர் வரி இல்லாமல் வந்தால் என் பாலை யார் வாங்குவார்கள்? நாம் ஓட்டுப் போட்ட நாடாளுமன்றம் எதற்கு?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. நானும் பள்ளிப் படிப்போடு நின்றவள்தான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் டென்மார்க் என்று ஒரு சின்ன நாடு. வெண்ணெய்க்குப் பேர் போன நாடு. 1973இல் அது மற்ற ஐரோப்பிய நாடுகளின் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அந்தக் கூட்டுக்கு இன்று ஐரோப்பிய ஒன்றியம் என்று பெயர். அதில் 27 நாடுகள் உள்ளன.

சேர்ந்ததில் லாபம் உண்டு. ஒன்றியத்துக்குள் சுங்க வரி இல்லாமல் சரக்கு விற்கலாம். விட்டுக்கொடுப்பதும் உண்டு. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எவ்வளவு வரி என்று டென்மார்க் தனியாக முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் அதன் நாடாளுமன்றத்துக்கு வேலை இல்லையா? உண்டு. அங்கே நாடாளுமன்றக் குழு ஒன்று இருக்கிறது. முக்கியமான பேச்சுக்குப் போகும் முன் மந்திரி அந்தக் குழுவின் முன் வர வேண்டும். என்ன பேசப் போகிறார் என்று சொல்ல வேண்டும். பெரும்பான்மை எதிர்த்தால் அப்படிப் பேச முடியாது.

மக்களையும் கேட்டார்கள். 1992இல் நாடுகளை இன்னும் நெருக்கமாக இணைக்க ஓர் ஒப்பந்தம் வந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 51 பேர் "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டார்கள். அதன் பிறகு டென்மார்க்குக்குச் சில விலக்குகள் கிடைத்தன. பொது நாணயம் கட்டாயம் இல்லை என்பது அதில் ஒன்று. 1993இல் மக்கள் "சரி" என்றார்கள். இன்றும் அங்கே சொந்தப் பணம்தான்.

நம் நாட்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது மத்திய அரசு. முன்கூட்டியே நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம். மக்களும் குரல் கொடுக்கலாம். ஆசிய-பசிபிக் பகுதியில் 16 நாடுகள் ஒரு வியாபார ஒப்பந்தம் பற்றிப் பேசி வந்தன. நம் பால் உற்பத்தியாளர்கள் அதை எதிர்த்தார்கள். 2019 நவம்பரில் இந்தியா விலகியது. மற்ற 15 நாடுகள் 2020இல் கையெழுத்திட்டன.

படிக்காமல் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதை நமக்குத் தெரியும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று இங்கே கற்றோம். நாட்டுக்கும் அதே பாடம்தான். கேட்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும்.

அக்கா, உங்கள் கேள்வியை நம் எம்.பி.க்குக் கடிதமாக எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.