சங்கத்தின் பதினெட்டுப் படி



எந்திரத்தில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் நஷ்டம் என்று 1923-ம் வருட நஷ்டஈட்டுச் சட்டம் கணக்குப் போட்டது. நஷ்டஈடு சரி, வேலை? பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாதென 2016-ம் வருட மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. தனியார் ஆலை முதலாளிக்கு அந்தக் கட்டு இல்லை. கதிரடிக்கும் எந்திரத்தில் கை போன விவசாயத் தொழிலாளியின் கதியும் அதுதான்.

அப்படிப்பட்டவர் யாரை நம்பிச் சேருவது? மூன்று சக்கர வண்டி கொடுத்துப் படம் பிடிக்கும் தரும கோஷ்டிகள் ஊருக்கு ஊர் வருகின்றன. வண்டியை வாங்கிக்கொள்ளட்டும், அது நாலு இடம் போக உதவும். ஆனால் சேருமுன் பார்க்கவேண்டும்: அவர்கள் கமிட்டியில் ஒரு மாற்றுத் திறனாளியாவது உண்டா? வரவு செலவைக் காட்டுகிறார்களா? மனு எழுதக் காசு கேட்டு, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா?

நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் சங்க ஆபீஸ் மாடியில், பதினெட்டுப் படி. பஞ்சுப் பேல் சரிந்து கால் போன தோழர் சந்தாவை மகனிடம் கொடுத்தனுப்புகிறார். வருஷக்கணக்கில் ரசீது கொடுத்தோமே தவிர, அவர் அபிப்பிராயத்தை ஒரு நாளும் கேட்கவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டம் கீழே, வேப்பமரத்தடியில். கணக்கை அவரே வாசிப்பார்.