தச்சருக்கு ஏற்ற மேசை

நம் நாட்டில் பல தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துச் செதுக்குகிறார்கள். உளி சறுக்கினால் காலில் வெட்டும். பல நாள் கூலியும் போகும். காலுக்குப் பதிலாக மரத்தைத் திருகிப் பிடிக்கும் கருவிதான் வைஸ்.

வைஸ் உள்ள மேசை வாங்கும் முன் யோசியுங்கள். வேலை பட்டறையிலா, வெளியிலா? மடக்கு மேசையின் மேல்பலகை இரண்டாக இருக்கும். கைப்பிடியைத் திருகினால் இரண்டும் நெருங்கி மரத்தைப் பிடிக்கும். தூக்கிச் செல்வது எளிது. ஆனால் எடை குறைவு. இழைப்புளியைத் தள்ளினால் மேசையும் சேர்ந்து நகரும். பட்டறைக்குக் கனமான மர மேசையே நல்லது.

கடையில் மேசையைப் பலமாகத் தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஆடினால் வேண்டாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மேசை மணிக்கட்டு உயரம் இருக்கட்டும். தாழ்ந்தால் இடுப்பு வலிக்கும். வைஸின் இரும்பு வாய்க்குள் இருபுறமும் மரத்துண்டு வையுங்கள். இல்லையென்றால் பலகையில் தழும்பு விழும்.