குடிநோயாளியும் செவிலியரும்



குடியால் நலிந்து மருத்துவமனைக்கு வருகிறவரைச் செவிலியர் எக்கண் கொண்டு நோக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நோயாளியை ஒதுக்காத பணி நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே மேனாட்டு மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. ஊரார் விலக்கிவைத்த தொழுநோயாளரின் புண்ணைக் கழுவிக் கட்டிய கைகள் இம்மண்ணில் உண்டு. ஆயினும் குடிநோயாளியிடம் அத்தகைய கைகளும் சற்றே தயங்குகின்றன. காரணம் இல்லாமல் இல்லை. அவர் வசைமொழி பேசுகிறார். அவர் மனைவியின் கண்ணீரையும் செவிலியரே காண்கிறார்கள். குணமாகிச் சென்றவர் மறுமாதமே திரும்பி வருகிறார். ‘தானே தேடிக்கொண்ட கேடு’ என்று மனம் சலிப்பது இயல்புதான்.

ஆனால் அச்சலிப்பு உயிருக்கே உலை வைத்துவிடலாம். கால் முறிந்து சேர்க்கப்பட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஏளனத்துக்கு அஞ்சித் தம் பழக்கத்தை மறைத்துவிடுகிறார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்த நேர்ந்தால் முதல் நாளிலேயே கை நடுங்கும், வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும். உயிரும் போகலாம். முன்பே தெரிந்தால் தக்க மருந்தும், தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பெரும்பாலும் காத்துவிடலாம். ஆகவே, “அண்ணாச்சி, கடைசியாக எப்பொழுது குடித்தீர்கள்?” என்று முகம் சுளிக்காமல் கேட்பது வெறும் நாகரிகம் அன்று, அதுவே சிகிச்சையின் முதற்படி.

அமெரிக்காவிலுள்ள அக்ரன் நகரில், 1939-இல், குடிநோயாளருக்கு மருத்துவமனைகள் கதவடைத்திருந்த காலத்தில், இக்னேஷியா என்னும் கன்னித்துறவி அத்தகைய ஒருவரை ‘இரைப்பை அழற்சி’ என்று பதிவுசெய்து சேர்த்துக்கொண்டார். இன்று நம் நாட்டில் அவ்வாறு மறைக்க வேண்டிய தேவையில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடியோடும் போதைப்பொருளோடும் தொடர்புடைய மனநலக் கேடுகளையும் நோயென்றே கொள்கிறது. உடல்நோயாளருக்கு இணையாக அவர்களையும் நடத்த வேண்டும் என்பதே சட்டத்தின் கட்டளை.

சர்க்கரை நோயாளி இனிப்பை உண்டுவிட்டு மீண்டும் வந்தால் அறிவுரை கூறி, மருந்தும் கொடுக்கிறோம். குடிநோயாளி மீண்டும் வந்தால் மட்டும் ஏன் முகம் திருப்ப வேண்டும்? திரும்பி வருகிறார் என்றால், பிழைக்கும் ஆசை அவருக்கு இன்னும் அற்றுப்போகவில்லை என்பதே பொருள். குடியை வெறுப்போம், படுக்கையில் கிடப்பவரை வெறுக்க வேண்டா. செவிலியரின் ஓர் இன்சொல்லே அவரை உண்மை பேச வைக்கும். அவ்வுண்மையே அவர் உயிரைக் காக்கும்.