எழுதும் எந்திரமும் நம் பிள்ளைகளின் கல்வியும்

(வீரபாண்டியில் நடைபெற்ற கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

‘பல்கலைக்கழகங்களில் செயற்கை நுண்ணறிவு’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும், விடியுமுன் ஜீப்பேறிச் சென்று கேரளத்து ஏலத்தோட்டங்களிலும் உழைக்கின்ற நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு மிகப் பெரிது. அந்த உழைப்பின் கூலியில்தான் நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். அங்கே இன்று அவர்களுக்கு முன்னால் நிற்கும் புதிய துணையும் இதுவே. புதிய தடையும் இதுவே.

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்னும் கருவியை வெளியிட்டது. வினாவைத் தட்டச்சு செய்தால் கட்டுரையாக, கடிதமாக, கணினி நிரலாக விடை எழுதித் தரும். இது நம்மைப் போல் சிந்தித்து எழுதுவதன்று. அச்சேறியும் இணையத்தில் ஏறியும் கிடக்கும் அளவற்ற எழுத்துகளிலிருந்து பயின்று, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரத்தகும் என்று கணக்கிட்டுச் சொற்களைக் கோப்பது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக் கொண்டால், இதன் நன்மையும் தீமையும் தாமே விளங்கும்.

முதலில் கற்பித்தலைப் பார்ப்போம். 2023 சனவரியில் பெங்களூரிலுள்ள ஆர்.வி. பல்கலைக்கழகமும் பாரிசிலுள்ள சியான்ஸ் போ கல்வி நிறுவனமும் இக்கருவிக்குத் தடை விதித்தன. ஆனால் அதே ஆண்டில் ஆர்வர்டு பல்கலைக்கழகம் தன் கணினி அறிவியல் தொடக்கப் பாடத்திற்கென ஒரு துணைக் கருவியை அமைத்தது. அது விடையை அப்படியே தந்துவிடாமல், மாணவன் தானே விடையை அடையும்படி வழிகாட்டும் வகையில் உருவாக்கப்பட்டது. 2024 சனவரியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஓப்பன்ஏஐயுடன் உடன்பாடே செய்துகொண்டது.

இதில் நமக்கு என்ன நன்மை? வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் உண்டு. ஐயம் தீர்க்கப் படித்த மாமனும் அண்ணனும் உண்டு. நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளைக்கு யார் உண்டு? வகுப்பில் எழுந்து கேட்டால் நகைப்பார்களோ என்று அஞ்சி, கேட்காமலே தேர்வில் தோற்றவர் எத்தனை பேர்! பத்து முறை கேட்டாலும் இக்கருவி முகம் சுளிக்காது. ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்கச் சொன்னாலும் விளக்கும். அதன் தமிழ் மேம்படுவதற்கான ஆய்வும் நம் மாநிலத்திலேயே நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏஐ4பாரத் என்னும் ஆய்வுக்குழுவிற்கு 36 கோடி ரூபாய் நன்கொடையில் 2022 சூலையில் தனி மையம் அமைந்தது. அக்குழு அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்புக் கருவியை 2023இல் வெளியிட்டது. மறு ஆண்டு, 145 மாவட்டங்களில் 16,237 பேரின் பேச்சைப் பதிவு செய்து வெளியிட்டது.

ஆராய்ச்சியிலோ, நூற்றுக்கணக்கான கட்டுரைகளைச் சுருக்கவும், கணக்கீடுகளுக்கு நிரல் எழுதவும் இக்கருவி பயன்படுகிறது. ஆயினும் இருக்கின்ற நூலைப் போலவே இல்லாத நூலையும் அது தயங்காமல் மேற்கோள் காட்டும். 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பித்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டிய வழக்குரைஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தேனி அரசு சட்டக் கல்லூரியில் பயிலும் தம்பி தங்கையர் இதனை மறத்தலாகாது.

இனி நிருவாகம். அமெரிக்காவின் சார்சியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்தும் கல்லூரியில் சேராமலே நின்றுவிடும் மாணவர்கள் பலர் இருந்தனர். எந்தப் படிவத்தை எங்கே தருவது என்று சொல்ல ஆளில்லாமையே பலருக்குத் தடையாயிற்று. 2016இல், இன்றைய கருவிகளுக்கு முன்னோடியான ஓர் உரையாடற் கருவியைக் கொண்டு, இரவு பகலாகக் குறுஞ்செய்தி வழியே அவர்களுக்கு விடையளித்தார்கள். அவ்வாறு நின்றுவிடுவோர் தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆனால் 2023 பிப்பிரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டில் மாணவர்கள் உயிரிழந்தபோது, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஓர் அலுவலகம் அனுப்பிய இரங்கல் மடல் சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதப்பட்டதென்பது வெளிப்பட்டு, பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. படிவத்திற்கு எந்திரம் போதும். துயரத்திற்கு மனிதர் வேண்டும்.

நண்பர்களே, நம் பிள்ளைகளைக் குறிப்பாகத் தாக்கக்கூடிய இரண்டு தீங்குகளை இனிச் சொல்கிறேன்.

முதலாவது, வீண் பழி. கட்டுரையை எழுதியது மாணவனா எந்திரமா என்று கண்டறிவதாகச் சொல்லும் கருவிகள் வந்துள்ளன. இசுடான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தம் கையால் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டை எந்திரம் எழுதியதென்று அக்கருவிகள் கூறின. எளிய சொற்களில் எழுதியதே அவர்கள் செய்த குற்றம்! வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், ஆண்டுக்கு 75,000 கட்டுரைகளைச் சோதிக்கும்போது நூற்றுக்கு ஒன்று தவறினாலும் 750 கட்டுரைகள் மீது பழி விழுமென்று கணக்கிட்டு, 2023 ஆகத்தில் அத்தகைய கருவியை நிறுத்திவிட்டது. தமிழ்வழியில் படித்து வந்து, முயன்று கற்ற ஆங்கிலத்தில் எழுதும் நம் பெண்ணின் மீது இப்பழி விழுந்தால், ‘இவளுக்கு இவ்வளவு எழுத வருமா’ என்று முன்பே ஐயுற்றிருந்தவர்களுக்கு அது சான்றாகிவிடும் அன்றோ?

இரண்டாவது, சாதி. 2025இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் சாட்ஜிபிடியின் புதிய வடிவத்தை ஆராய்ந்தது. வாக்கியத்தில் விடப்பட்ட இடத்தைத் ‘தலித்’ அல்லது ‘பிராமணர்’ என்னும் சொல்லால் நிரப்பச் சொன்னபோது, 105 வாக்கியங்களில் 80இல் அது பழைய இழிவெண்ணத்தையே எழுதியது. அறிவைச் சொல்லும் இடத்தில் ஒருவரையும், இழிவைச் சொல்லும் இடத்தில் நம்மையும் வைத்தது. தலித் ஆய்வாளர் ஒருவர் பெங்களூரில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்தித் தருமாறு கேட்டபோது, அவர் குடும்பப் பெயரையே மாற்றி ஓர் உயர்சாதிப் பெயரை எழுதியதையும் அவ்விதழ் பதிவு செய்துள்ளது.

எந்திரத்திற்குச் சாதி ஏது? அது படித்த எழுத்துகளுக்கு இருந்தது. நம்மைப் பற்றி நெடுங்காலம் பிறரே எழுதினார்கள் என்பதுதான் இதன் வேர். இதனை அறிந்தே 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் இதழ் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இதழ் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகம் கண்டு, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். பிறர் எழுதியதை நாம் படிப்பதோடு நில்லாமல், நாமே எழுத வேண்டும் என்பதே அவர்கள் காட்டிய வழி.

ஆகவே இளைஞர்களே, இக்கருவியைக் கண்டு ஒதுங்கவும் வேண்டாம். அதற்கு அடிமையாகவும் வேண்டாம். பாடத்தை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டுரையை நீங்களே எழுதுங்கள். அது சொல்லும் நூலையும் தீர்ப்பையும் நூலகத்தில் சரிபாருங்கள். முதற்படி, திருத்திய படி, குறிப்பேடு ஆகியவற்றைத் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். பழி வருமாயின் அவையே உங்கள் சாட்சி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமையை விழுக்காட்டில் அளப்பவை. சாட்ஜிபிடி வருமுன்னரே எழுதப்பட்டவை. ஆதலால் இக்கருவியை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை உங்கள் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மாலை நேரப் படிப்பகத்தில் இரண்டு கணினிகளை வைத்து, கல்லூரியில் பயில்வோர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனை முறையாகச் சொல்லித் தர ஏற்பாடு செய்யுங்கள். நம் ஊர் மூத்தோரின் பேச்சையும், தோட்ட வேலையின் சொற்களையும், நம் மக்களின் வரலாற்றையும் பதிவு செய்து அச்சிடுங்கள். நாளை எந்திரங்கள் படிக்கும் எழுத்தில் நம் எழுத்தும் இருக்கட்டும். அவற்றை ஆக்கும் ஆய்வுக்கூடங்களில் நம் பிள்ளைகளும் அமரட்டும்.

வெள்ளி விழாக் கண்ட இச்சங்கம் பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் காண வாழ்த்துகிறேன்.