மாற்றுத்திறன் பிள்ளைகளும் சிறுபான்மைப் பள்ளிகளும்: சட்டம் என்ன சொல்கிறது?

(படப்பையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு இடம் கேட்டுப் போகும் பெற்றோர் கேட்டு வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். “இதற்கென்று இங்கே டீச்சர் இல்லை.” “ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்களேன்.” “மற்ற பெற்றோர் ஆட்சேபம் சொல்வார்கள்.” இவற்றோடு இன்னொன்றும் உண்டு: “நாங்கள் மைனாரிட்டி ஸ்கூல், ஆர்.டி.இ. எங்களுக்குப் பொருந்தாது.” சட்டத்தின் பெயரைச் சொன்னதும் நம் மக்கள் எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்தப் பதிலில் பாதிதான் சரி. மீதிப் பாதியை எடுத்துச் சொல்லவே உங்களை அழைத்தோம்.

முதலில் சரியான பாதி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க நிலை வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். 2012 திருத்தத்தின்படி மாற்றுத்திறன் பிள்ளைகளும் அந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் 2014 மே 6 அன்று பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மறு ஆய்வுக்கு அனுப்பியது தனிச் செய்தி.

பள்ளிகள் சொல்லாமல் விடும் பாதி இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு வேறொரு சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் பற்றிப் பேசுகிறது. சிறுபான்மைப் பள்ளிக்கு விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை. 2014 தீர்ப்பு கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றியது. அதற்குப் பின் வந்த இந்தச் சட்டத்தைப் பற்றியது அல்ல.

அந்தப் பிரிவு சொல்வது என்ன? பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். படிப்பிலும் விளையாட்டிலும் சம வாய்ப்புத் தர வேண்டும். கட்டடம், வளாகம், மற்ற வசதிகள் அந்தப் பிள்ளை பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து, அதற்கேற்பப் பாடம் நடத்த வேண்டும். பார்வையோ செவித்திறனோ இல்லாத பிள்ளைக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்ப நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். நடக்க முடியாத பிள்ளையின் வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றுவது அப்படிப்பட்ட ஒன்று. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

“அரசியல் சட்டம் 30ஆம் பிரிவில் நமக்குத் தந்த உரிமை என்னாவது?” என்று பள்ளி நடத்தும் சகோதரர்கள் கேட்கலாம். அந்த உரிமை பெரிது. அதைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் நிர்வகிக்கும் உரிமை என்பது தவறாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1958லேயே கேரளக் கல்வி மசோதா விவகாரத்தில் சொல்லிவிட்டது. வெளிநாட்டிலும் இதே நிலைதான். அமெரிக்காவில் அரசுப் பணத்தில் தனி நிர்வாகமாக நடக்கும் ‘சார்ட்டர்’ பள்ளிகளுக்குப் பல விதிகளில் தளர்வு உண்டு. மாற்றுத்திறன் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தளர்வு இல்லை.

சிறப்புப் பள்ளி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. ஆனால் யார் முடிவு செய்வது? சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. தேர்வு செய்யும் உரிமை உங்கள் பக்கம் இருக்கிறது, வாசலில் நிற்கும் அலுவலரிடம் இல்லை.

40 சதவீதம் வராத பிள்ளையின் பெற்றோரும் சோர்ந்துவிட வேண்டாம். 2021இல் விகாஷ் குமார் வழக்கில், தேர்வில் சொல்வதை எழுதுபவரைப் பெற 40 சதவீதம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை.

முதலாவது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) எடுங்கள். “பெண் பிள்ளை, நாளைக்கு நிக்காஹ் பேசும்போது இடைஞ்சலாகும்” என்று சான்று வாங்காமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. மறைப்பதால் குறை போவதில்லை, படிப்புதான் போகிறது.

இரண்டாவது, விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக மறுப்பவர்கள் எழுதித் தரச் சொன்னால் யோசிப்பார்கள்.

மூன்றாவது, அப்படியும் மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுங்கள். படப்பைக் குடும்பங்களுக்குக் காஞ்சிபுரம், தாம்பரம் பக்கத்தவர்களுக்குச் செங்கல்பட்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். அதற்கும் மேல் மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறியது நிரூபணமானால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

நான்காவது, கிடைக்கும் உதவிகளைப் பயன்படுத்துங்கள். வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

நிறைவாக, பள்ளி நடத்துவோருக்கும் மக்தப் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பொருட்டு ‘அபஸ’ அத்தியாயம் இறங்கியதை நாம் அறிவோம். அதே தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு இரக்கம் மட்டும் காட்டப்படவில்லை, பொறுப்பும் தரப்பட்டது. நம் பெயர்ப் பலகை தாங்கிய பள்ளியின் வாசலில் ஒரு பிள்ளை திருப்பி அனுப்பப்பட்டால், அதைச் சட்டப் பிரச்சினை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானத்.

சேர்க்கை மறுக்கப்பட்டவர்கள், மனு எழுதத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து எழுதித் தருவோம். தேவைப்பட்டால் பள்ளிக்கும் உடன் வருவோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.