வாடகை வண்டியும் நமது பொறுப்பும்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



பிறநாட்டுச் சுற்றுலா என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். மலைகளையும் அருவிகளையும் வருணிப்போம் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அவற்றையும் சிறிது சொல்வோம். ஆயினும், முக்கியமாக நாங்கள் சொல்ல வந்தது ஒரு கையெழுத்தைப் பற்றியது. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் ஒரு கடையிலே, ஐந்து நிமிட நேரத்தில், தாளைப் படித்துப் பாராமலே நாங்கள் நால்வரும் இட்ட கையெழுத்து அது.

2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நாங்கள் நால்வர் தாய்லாந்துக்குப் போனோம். பாங்கொக்கிலிருந்து இரவுப் புகையிரதத்தில் ஏறினால் வட திசையில் ஏறக்குறைய 750 கிலோமீற்றர் கடந்து காலையில் சியாங் மாய் நகரை அடையலாம். 1296 ஆம் ஆண்டில் மங்ராய் என்னும் மன்னன் அமைத்த நகரம் அது. பழைய நகரைச் சுற்றிச் சதுரமாக அகழி இன்றும் நீர் நிறைந்து கிடக்கிறது. அந்நகரிலிருந்து புறப்பட்டு, மே சாரியாங், மே ஹொங் சொன், பாய் ஆகிய ஊர்களைத் தொட்டு, மீண்டும் அந்நகருக்கே வந்து சேரும் மலைப்பாதை ஒன்று உண்டு. சுற்றளவு ஏறக்குறைய 600 கிலோமீற்றர். அதில் 1,864 வளைவுகள் உள்ளன என்று அந்தப் பகுதியார் பெருமையோடு சொல்லிக் கொள்கிறார்கள். பாய் என்றதும் படுக்கும் பாயை நினைத்து விடாதீர்கள். ஆற்றங்கரையில் அமைந்த ஒரு சிற்றூரின் பெயர் அது.

"பேருந்தில் போயிருக்கலாமே, தம்பிமாரே?" என்று பெரியோர்கள் கேட்பது எங்களுக்குப் புரிகிறது. போயிருக்கலாம். ஆனால், மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு மலை வேறு விதமாகத் தெரியும். காலைப் பனி முகத்தில் அடிக்கும். தேக்கங் காட்டின் மணம் மூக்கில் ஏறும். மனம் விரும்பிய இடத்தில் நிற்கலாம். தோய் இந்தனொன் என்னும் சிகரத்தின் உச்சிவரை தார்வீதி செல்கிறது. அது 2,565 மீற்றர் உயரம். நமது பிதுருதலாகலையை விட 41 மீற்றர்தான் கூடுதல். அங்கே நின்றபோது, நுவரெலியாக் குளிரிலே நிற்பது போன்ற உணர்ச்சி எங்களுக்கு உண்டாயிற்று. வீதியின் இடப்பக்கத்தால் ஓட்டுவது அந்நாட்டு வழக்கம். நமக்கும் அதுவே பழக்கமாகையால், வலப்பக்கத்தால் ஓட்டும் நாட்டார் அங்கே படும் தடுமாற்றம் நமக்கில்லை. மழை ஒக்டோபரோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பெப்ரவரி தொடக்கம் ஏப்ரில் வரை வயலும் காடும் எரிக்கும் புகை மலையை மூடிவிடும். ஆகவே, நவம்பரும் டிசம்பரும் பயணத்துக்கு நல்ல மாதங்கள்.

இவற்றையெல்லாம் நாங்கள் புறப்படுமுன் நன்றாகப் படித்து வைத்திருந்தோம். படிக்காமல் விட்டது எங்கள் சட்டைப் பையிலேயே இருந்த சாரதி அனுமதிப்பத்திரத்தைத்தான்.

எங்கள் நால்வரில் மூவரிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதி இருந்தது. நான்காமவரிடம் கார் ஓட்டும் அனுமதி மட்டுமே இருந்தது. ஊரிலே தமையனாரின் ஸ்கூட்டரைச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டிப் பழகியவர் அவர். சர்வதேச அனுமதிப் புத்தகமும் அவரிடம் இருந்தது. ஆனால், அதிலே மோட்டார் சைக்கிளுக்குரிய 'ஏ' என்னும் கட்டத்தில் முத்திரை இல்லை. காருக்குரிய 'பீ' என்னும் கட்டத்தில் மட்டுமே முத்திரை இருந்தது. இதை அவர் அறிவார். நாங்களும் அறிவோம். கடைக்காரர் புத்தகத்தின் மேலட்டையைப் பார்த்தார், உள்ளே புரட்டவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். "என்னைச் சிறுபிள்ளை போல் பின்னால் ஏற்றவோ வந்தீர்கள்?" என்று அவர் மனம் நோகும் என எண்ணி, அந்த நேரத்தில் அவர் முகத்தைக் காப்பாற்றினோம். அவர் காலைக் காப்பாற்றத் தவறினோம்.

ஒரு ஸ்கூட்டருக்கு ஒரு நாளைக்கு 250 பாட் வாடகை. ஐந்து நாளைக்கு 1,250 பாட். பிணையாக ஒன்றில் பணம் கட்ட வேண்டும். அல்லது கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து நால்வரும் கடவுச்சீட்டைக் கொடுத்தோம். வழியிலுள்ள விடுதிகளில் அதன் பிரதியைக் காட்டிச் சமாளிக்கலாம் என்பது எங்கள் கணக்கு.

மூன்று நாட்கள் இன்பமாகக் கழிந்தன. நான்காம் நாள், பாங் மப்பாவைத் தாண்டி மலை உச்சி ஏறி, பாய் நகரை நோக்கி இறங்கும் வழியில் அது நடந்தது. கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர் சமநிலத்திலே மிகவும் இலகுவானது. நீண்ட இறக்கத்திலோ, கியர் வண்டியைப் போல எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும் வசதி அதற்குக் குறைவு. பாரம் முழுவதும் பிறேக்கின் மேல் விழும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவின் நடுவே முன்பிறேக்கை இறுக்கலாகாது. பயிற்சி பெற்றவனுக்கு இது முதற்பாடம். எங்கள் நண்பருக்கு அந்தப் பாடத்தை ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வளைவிலே மணல் பரந்து கிடந்தது. திடுக்கிட்டு முன்பிறேக்கைப் பிடித்தார். வண்டி சறுக்கிற்று. கணைக்கால் எலும்பு முறிந்தது. தலைக்கவசம் இருந்தபடியால் தலை தப்பியது.

அந்த மலைக்கிராமத்து மக்களை நாங்கள் என்றும் மறவோம். எங்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி எங்களுக்குத் தெரியாது. கோசு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லொறிக்காரர் மூட்டைகளை வீதியோரத்தில் இறக்கி வைத்துவிட்டு நண்பரை ஏற்றினார். ஒரு மூதாட்டி ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தார். காசு நீட்டியபோது இருவரும் வாங்க மறுத்துக் கைகூப்பினர்.

அருகிலிருந்த சிறு வைத்தியசாலையில் முதற்சிகிச்சை செய்து, சத்திர சிகிச்சைக்காகச் சியாங் மாய்க்கு அனுப்பினார்கள். அங்கே முதலிற் கேட்டது கடவுச்சீட்டு. அதுவோ கடையில். எங்களில் இருவர் கடைக்கு ஓடினோம். வண்டியின் சேதத்துக்குப் பணம் கட்டினால்தான் கடவுச்சீட்டுத் தருவோம் என்றார்கள். எடுத்தபோதே இருந்த கீறல்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். முன்னரே இருந்தவை என்று காட்ட எங்களிடம் ஒரு படமும் இல்லை. "கையெழுத்து யாருடையது?" என்று தாளைக் காட்டினார்கள். கையெழுத்து எங்களுடையதுதான்.

வைத்தியசாலைக் கணக்கு 1,40,000 பாட்டைத் தாண்டிற்று. அன்றைய மதிப்பில் அது நமது ரூபாயில் 12 இலட்சத்துக்கு மேல். பிரயாணக் காப்புறுதி எடுத்திருக்கிறோமே என்று தைரியமாக இருந்தோம். காப்புறுதிக் கம்பனி கேட்ட முதற் கேள்வி, "மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதி உண்டா?" என்பது. இல்லை என்றதும் கோவை மூடப்பட்டது. கம்பனியைக் குறைசொல்ல எங்களால் முடியாது. அந்த நிபந்தனை தாளில் அச்சிட்டே இருந்தது. நண்பரின் தங்கையாருடைய திருமணத்துக்கென்று தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்தே அந்தக் கணக்குத் தீர்ந்தது. திருமணம் ஒரு வருடம் பிந்திற்று. நாங்கள் மூவரும் இயன்றதைக் கொடுத்தோம். ஆனால், வாய் திறவாதிருந்த அந்த ஐந்து நிமிடத்தின் விலையை எந்தப் பணத்தால் ஈடுசெய்வது?

இளைஞர்களே! போகாதீர்கள் என்று சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. போங்கள், ஆனால், ஆயத்தத்தை இங்கேயே தொடங்குங்கள். நாங்கள் பட்டுத் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, அனுமதிப்பத்திரம். ஓட்டப்போகும் வண்டிக்குரிய வகுப்பு உங்கள் பத்திரத்தில் உண்டா என்று பாருங்கள். இல்லையானால் இங்கே பயின்று, பரீட்சையில் தேறி, அதைப் பெறுங்கள். பின்னர் கொழும்பிலுள்ள மோட்டார் வாகனச் சங்கத்தில் சர்வதேச அனுமதியை எடுங்கள். அது ஒரு வருடமே செல்லும். நமது சொந்தப் பத்திரமும் உடனிருந்தால்தான் அதற்கு மதிப்பு. எல்லா நாடும் அதை ஏற்கும் என்றும் எண்ண வேண்டாம். நமது நாடு 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையைச் சேர்ந்தது. தாய்லாந்தும் அதிற் சேர்ந்த நாடு. வியட்நாமோ 1968 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைச் சேர்ந்தது. 1949 ஆம் ஆண்டு முறைப்படி வழங்கிய புத்தகம் அங்கே செல்லாது. வழியிற் பொலிசார் மறித்துத் தண்டம் வாங்கினால், அந்தத் துண்டைக் காட்டி மேலும் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். தண்டத் துண்டு அனுமதிப்பத்திரம் ஆகாது.

இரண்டாவது, காப்புறுதி. தாய்லாந்திலே ஒவ்வொரு வண்டிக்கும் சட்டப்படி கட்டாயக் காப்புறுதி உண்டு. அது உடற்காயத்துக்கு ஒரு சிறு அளவுவரை மட்டுமே உதவும். வண்டியின் சேதத்துக்கு உதவாது. உங்கள் பிரயாணக் காப்புறுதி மோட்டார் சைக்கிளுக்குச் செல்லுமா, எத்தனை குதிரை வலுவுக்கு அல்லது எத்தனை சீசீ வண்டிவரை செல்லும், என்ன நிபந்தனை என்பவற்றை எழுத்திலே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, கடவுச்சீட்டு. அதை ஒருபோதும் பிணையாகக் கொடாதீர்கள். அது நம் அரசாங்கத்தின் உடைமை. அடகு வைக்கும் பொருளன்று. பணத்தைப் பிணையாக ஏற்கும் கடைகள் இருக்கின்றன. சற்று நடந்து தேடினால் கிடைக்கும்.

நான்காவது, வண்டி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். வாடகைக்கு எடுத்த மாட்டைப் பார்த்தேயாக வேண்டும். ரயர், இரு பிறேக்குகள், விளக்குகள், ஹோர்ன், கண்ணாடிகள் ஆகியவற்றைச் சோதியுங்கள். ஒவ்வொரு கீறலையும் கடைக்காரர் முன்னிலையிலேயே படம் பிடியுங்கள். தலைக்கவசம் தலைக்குப் பொருந்துகிறதா என்று போட்டு அசைத்துப் பாருங்கள். தாளை முழுதும் படித்து, சேதத்துக்கு என்ன பொறுப்பு என்பதைக் கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள். அந்நாட்டில் வைத்திய அவசரத்துக்கு 1669, சுற்றுலாப் பொலிசுக்கு 1155 என்னும் இலக்கங்களைக் கையோடு எழுதி வையுங்கள்.

ஐந்தாவது, தோழமை. இதுவே எங்களுக்கு மிகவும் வலிக்கும் பாடம். கூட்டாகப் போகும்போது ஒருவருடைய குறையை மற்றவர் மூடிவைப்பது நட்பு என்று எண்ணினோம். நண்பன் கோபித்தாலும் "நீ ஓட்டாதே" என்று சொல்லக்கூடியவன் கூட்டத்தில் ஒருவனாவது இருக்க வேண்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் வெளிநாடு புறப்படும்போது, சாப்பாடு என்ன, குளிர்ச்சட்டை உண்டா என்று கேட்கிறீர்கள். அதோடு, "உன்னுடைய பத்திரத்தை எடுத்துக் காட்டு, பார்ப்போம்" என்றும் கேளுங்கள். எங்களிடம் அன்று ஒருவர் கேட்டிருந்தால், நாங்கள் வெட்கப்பட்டாவது உண்மையைச் சொல்லியிருப்போம்.

எங்கள் நண்பர் இப்பொழுது நன்றாக நடக்கிறார். சென்ற வருடம் முறைப்படி பயின்று மோட்டார் சைக்கிள் அனுமதியும் பெற்றுவிட்டார். இக்கதையைச் சபையிலே சொல்ல வேண்டும் என்று எங்களை வற்புறுத்தியவர் அவரே. இதோ, மூன்றாம் வரிசையில் தங்கையாரோடும் மைத்துனரோடும் அமர்ந்திருக்கிறார். பாயிலிருந்து சியாங் மாய்க்கு வரும் கடைசி 135 கிலோமீற்றரை அவர் படுத்தபடியே வந்தார். ஒரு வளைவையும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க மறுபடியும் போகவேண்டும் என்கிறார். போவோம். இம்முறை கடைக்காரர் கேட்குமுன் நால்வரும் பத்திரங்களைப் பிரித்து மேசையில் வைப்போம்.